கிளைவின் ஆமைக்கு வயசு என்ன? – ஒரு திருத்தம்

இந்த வாரம் ஒரு திருத்தத்தோடு ஆரம்பிக்கிறேன்.

ராபர்ட் கிளைவ் பற்றிய எபிசோடின் கடைசியில், போகிற போக்கில் ஒரு ஆமைக் கதை சொன்னேன். கேட்டவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கல்கத்தா அலிப்பூர் மிருகக்காட்சி சாலையில் ‘அத்வைதா’ன்னு ஒரு ராட்சத ஆமை இருந்தது. 2006 மார்ச்சில் இறந்துபோனது. அது கிளைவ் வளர்த்த ஆமை, பாரக்பூர் தோட்டத்தில் இருந்தது, 1875-ல் மிருகக்காட்சி சாலைக்கு வந்தது, வயசு 250 இருக்கும் – இப்படி அடுக்கிக்கொண்டே போனேன். நல்ல கதை. ஸ்டூடியோவில் எல்லாரும் சிரித்தோம்.

ரெண்டு நாள் கழித்து மயிலாப்பூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. எழுதினவங்க ஓய்வுபெற்ற சரித்திர டீச்சர். முதல் எபிசோடிலிருந்து கேட்கிறவங்க. “தம்பி, பாரக்பூர் தோட்டத்தை உண்டாக்கினது வெல்லெஸ்லி. கிளைவ் அங்கே எப்படி ஆமை வளர்த்தான்? அது போகட்டும். ஒரு ஆமையோட வயசைச் சொல்லி ஆச்சரியப்பட வெச்சீங்க. மத்த ஆமையெல்லாம் எங்கே போச்சுன்னு சொல்லவே இல்லையே?”

முதல் கேள்விக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் போதுமாக இருந்தது. ரெண்டாவது கேள்விக்கு மூணு வாரம் ஆனது. அந்த மூணு வாரத்துப் படிப்புதான் இன்றைய எபிசோட்.

முதல் கேள்வியை முடித்துவிடலாம். கிளைவ் கடைசியாக இந்தியாவை விட்டுக் கிளம்பியது 1767. பாரக்பூரில் கவர்னர் ஜெனரலுக்கு மாளிகையும் பூங்காவும் வந்தது வெல்லெஸ்லி காலத்தில், 1800-களின் தொடக்கத்தில். நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி. பிரிட்டிஷ் மாலுமிகள் செஷல்ஸிலிருந்து கொண்டுவந்து கிளைவுக்குக் கொடுத்தார்கள் என்பதும் கதையில் ஒரு பகுதி. ஆனால் செஷல்ஸ் தீவுகளை 1756-ல் தங்களுடையது என்று அறிவித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். குடியேறியதும் அவர்கள்தான், 1770-ல். பிரிட்டிஷ் கப்பல் அந்தப் பக்கம் போயிருக்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கதை ஆட்டம் காண்கிறது. அத்வைதா நிஜமான ஆமை, ரொம்ப வயசான ஆமை. அதன் பிறப்புச் சான்றிதழில் கிளைவ் கையெழுத்து இருந்ததாகச் சொன்னது என் தவறு. மன்னிக்கணும்.

கிளைவுக்குச் சொந்தமாக ஆமை இருந்ததோ இல்லையோ, அவர் வாழ்க்கையைத் தலைகீழாகப் புரட்டின ஒரு மனிதருக்கும் ராட்சத ஆமைகளுக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. அந்தக் கதை நம்ம ஊரில் நடந்தது.

அடையாறு பாலத்தில் பஸ்ஸில் போகும்போது கடல் பக்கம் திரும்பிப் பாருங்க. ஆறு விரிந்து, மணல் திட்டு தெரியும் முகத்துவாரம். இந்தப் பக்கம் சாந்தோம், பட்டினப்பாக்கம்; அந்தப் பக்கம் தியசாஃபிகல் சொசைட்டி மரங்கள். கல்லறைத் தோட்டம் இருக்கிற குயிபிள் ஐலண்டும் இங்கேதான். 1746-ல் இந்த ஆற்றங்கரையில் ஒரு சண்டை நடந்தது. ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானுடைய படை பத்தாயிரம் பேர். எதிரில் பாரடி என்கிற அதிகாரியின் கீழ் பிரெஞ்சுச் சோல்ஜர்களும் சிப்பாய்களுமாக ஆயிரம் பேர் அளவுக்குத்தான். ஜெயித்தது பிரெஞ்சுக்காரர்கள். அடையாறு போர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வருமே, அதுதான்.

அந்தச் சண்டைக்குச் சுமார் ஒன்றரை மாதம் முன்னால், செப்டம்பரில், பிரெஞ்சுக் கப்பல்கள் மதராஸை முற்றுகையிட்டு ஜார்ஜ் கோட்டையைப் பிடித்திருந்தன. கோட்டையில் குமாஸ்தாவாக வேலை பார்த்த இருபத்தோரு வயசுப் பையன் மாறுவேஷத்தில் தப்பித்துக் கடலூர்ப் பக்கம் ஓடினான். அந்தப் பையன்தான் கிளைவ். பேனாவை வைத்துவிட்டு அவன் துப்பாக்கி எடுத்தது அதற்கப்புறம்தான். ஆனந்தரங்கப் பிள்ளை புதுச்சேரியில் உட்கார்ந்து அந்தச் செய்திகளையெல்லாம் தன் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்தக் கப்பல்களைக் கொண்டுவந்தவர் பெயர் மாஹே த லா பூர்தொனே. புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேக்ஸுடன் அவர் போட்ட சண்டையும், அக்டோபர் புயலில் மதராஸ் கடலில் அவர் கப்பல்கள் உடைந்ததும், கடைசியில் பாரிஸில் பஸ்தீல் சிறைக்குப் போனதும் தனி எபிசோட். இன்றைக்கு நமக்கு வேண்டியது, அவர் எங்கேயிருந்து வந்தார் என்பது.

அவர் வந்தது மொரீஷியஸிலிருந்து. அப்போது அதன் பெயர் ஈல் த பிரான்ஸ். 1735-லிருந்து அவர்தான் அங்கே கவர்னர். போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டி எழுப்பினவர். கட்டினது யார் கை என்று கேட்டால், அதில் நம்ம ஆட்களும் உண்டு. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தனார்களும் தச்சர்களும் அந்தக் காலத்தில் அங்கே போனார்கள். மொரீஷியஸ் தமிழர்களின் கதை கரும்புத் தோட்டத்துக்கு நூறு வருஷம் முன்னாலேயே தொடங்குகிறது.

துறைமுகம் கட்டினால் கப்பல் வரும். கப்பல் வந்தால் மாசக்கணக்கில் உப்புக்கண்டமும் காய்ந்த ரொட்டியும் தின்று, ஸ்கர்வி வந்து, ஈறிலிருந்து ரத்தம் வடிகிற மாலுமிகள் வருவார்கள். அவர்களுக்குப் புது இறைச்சி கொடுத்தால் தேறுவார்கள் என்பது அன்றைய வைத்தியம். அவ்வளவு இறைச்சிக்கு எங்கே போவது? மொரீஷியஸில் இருந்த ராட்சத ஆமைகளை டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே தின்று பெருமளவு தீர்த்தாயிற்று. கிழக்கே சுமார் 560 கிலோமீட்டரில் ஒரு சின்னத் தீவு இருந்தது – ரோட்ரிக்ஸ். பரப்பளவு 108 சதுர கிலோமீட்டர். இன்றைய சென்னை மாநகராட்சியில் கால்வாசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீவில் 1691-லிருந்து 1693 வரைக்கும் பிரான்ஸை விட்டு ஓடிவந்த புராட்டஸ்டண்ட் அகதிகள் சிலர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிரான்சுவா லெகுவா. தரையில் கால் வைக்காமல் ஆமை முதுகுகள் மேலேயே நூறு அடிக்கு மேல் நடந்து போகலாம், அவ்வளவு ஆமை என்று எழுதிவைத்திருக்கிறார். இரண்டாயிரம், மூவாயிரம் ஆமை ஒரே கூட்டமாக நிற்குமாம். படித்தபோது, ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் என் கண் முன்னால் வந்தது.

லா பூர்தொனே ரோட்ரிக்ஸில் ஆட்களை நிறுத்தினார். ஆமை பிடிப்பது, சேர்த்து வைப்பது, கப்பல் வந்ததும் ஏற்றுவது – இதுதான் அவர்களுக்கு வேலை. மதராஸ் மேல் படையெடுத்து வந்த கப்பல்களுக்குத் தாய்த் துறைமுகமான போர்ட் லூயியின் ஆஸ்பத்திரியும் மடைப்பள்ளியும் நடந்தது பெருமளவு இந்த ஆமைகளால்.

அவர் போனபிறகும் வியாபாரம் நிற்கவில்லை, பெருகியது. 1759, 60-ல் ஒன்றரை வருஷத்தில் மட்டும் சுமார் 30,000 ஆமைகள் ரோட்ரிக்ஸிலிருந்து ஏற்றப்பட்டன. அது பிரான்சும் இங்கிலாந்தும் மறுபடி மோதிக்கொண்டிருந்த காலம். வந்தவாசிச் சண்டை 1760 ஜனவரி. புதுச்சேரி விழுந்தது 1761 ஜனவரி. நாம் கர்நாடகப் போர்கள் என்று படிக்கிற அதே வருஷங்களில், அந்தப் போருக்குப் பின்னால் இருந்த சப்ளை கணக்கில் இந்த ஆமைகள் இருந்தன. ஏற்றின ஆமைகளில் நிறைய வழியிலேயே செத்தன. மறுபடி கப்பல் போனது.

1761-ல் வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் பார்க்க பாங்கிரே என்ற பிரெஞ்சு வானியல் அறிஞர் ரோட்ரிக்ஸுக்கு வந்தார். அதே கடப்பைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கிளம்பின லெ ஜான்தீல், ஊர் இங்கிலீஷ்காரன் கைக்குப் போய்விட்டதென்று தெரிந்து நடுக்கடலில் திரும்பின கதை நம் பழைய எபிசோடில் இருக்கிறது. பாங்கிரேவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் இருந்த மூன்றரை மாதமும் பெரும்பாலும் ஆமைதான் சாப்பாடு: ஆமை சூப்பு, ஆமை வறுவல், ஆமை ஈரல். ஆமை குறைந்துகொண்டே வருவதையும் அவர் குறித்திருக்கிறார். நாற்பது வருஷம் போதும். 1800 வாக்கில் ரோட்ரிக்ஸில் இருந்த இரண்டு வகை ராட்சத ஆமைகளும் இல்லை. மொரீஷியஸின் இரண்டு வகை இல்லை. ரீயூனியன் தீவின் ஒரு வகையும் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் தீர்ந்தது. மொத்தம் ஐந்து இனங்கள். இவை உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ஆமை ஏன் இப்படி மாட்டிக்கொண்டது?

ராட்சத ஆமை தீவுக்கு மட்டும் சொந்தமான பிராணி இல்லை. நம் நாட்டிலேயே சிவாலிக் மலைகளில் 1830-களில் ஃபால்கனர், காட்லி என்ற இரண்டு பேர் ஒரு ராட்சத நில ஆமையின் எலும்புகளைத் தோண்டி எடுத்தார்கள். ஓடு மட்டும் இரண்டு மீட்டர் நீளம் வரும். நிலப்பரப்பில் இருந்தவை அழிந்துபோக, தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தவை பிழைத்தன. எப்படிப் போய்ச் சேர்ந்தன? மிதந்து. 2004 டிசம்பரில் தான்சானியாவின் கிம்பிஜி கடற்கரையில் ஒரு அல்டாப்ரா ஆமை தானாக நடந்து கரையேறியது. காலிலெல்லாம் கொட்டலசு ஒட்டியிருந்தது. வந்த தூரம் 700 கிலோமீட்டருக்கு மேல். மாசக்கணக்கில் சோறு தண்ணி இல்லாமல் உயிரோடு இருக்கிற உடம்பு அது.

அந்த உடம்புதான் அதற்கு எமனும் ஆனது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில், தீனி போடாமல், தண்ணீர் காட்டாமல், கப்பலின் அடித்தளத்தில் அடுக்கிவைத்தால் மாசக்கணக்கில் கெடாத இறைச்சி. கடலைக் கடக்க உதவின அதே குணம், மனிதன் கண்ணில் அதைச் சரக்காக மாற்றிவிட்டது. பெரியதைக் கப்பல்காரன் தின்றான். முட்டையையும் குஞ்சையும் கப்பலோடு வந்திறங்கின எலி, பூனை, பன்றி தின்றன. முட்டையிடும் பருவத்துக்கு வரவே இருபது, முப்பது வருஷம் ஆகிற பிராணி. வட்டியை விட்டுவிட்டு முதலையே எடுத்துச் செலவு செய்தால் என்ன ஆகும்?

எனக்கு உறுத்துவது, யாரும் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்யவில்லை என்பதுதான். ஆஸ்பத்திரியில் கிடந்தவனுக்குச் சூப்பு கொடுத்தார்கள். ஒவ்வொரு கப்பலின் கணக்கும் சரியாகத்தான் இருந்தது. தீவின் கணக்கை எழுதத்தான் ஆள் இல்லை.

சரி, எல்லாமே போய்விட்டதா? இல்லை. இன்றைக்கு ராட்சத ஆமைகள் இயற்கையாகப் பிழைத்திருப்பது இரண்டே இடத்தில். ஒன்று பசிபிக்கில் கலாபகஸ். இன்னொன்று நம் இந்தியப் பெருங்கடலில் அல்டாப்ரா, செஷல்ஸைச் சேர்ந்த பவளத் தீவு. குடிதண்ணீர் கிடையாது, கப்பல் ஒதுங்க வசதி கிடையாது, கத்தி மாதிரிப் பாறை. அதனால் தப்பித்தது.

ஆனாலும் 1870-களில் அங்கேயும் ஆபத்து வந்தது. மரம் வெட்டத் தீவைக் குத்தகைக்கு விடப்போகிறார்கள் என்று செய்தி. 1874-ல் லண்டனிலிருந்து மொரீஷியஸ் கவர்னருக்கு ஒரு கடிதம் போனது. எடுத்துச் செய்தவர் பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆல்பர்ட் குந்தர். கையெழுத்துப் போட்டவர்களில் சார்லஸ் டார்வினும் உண்டு, பரிணாமம் விஷயத்தில் அவரைக் கடுமையாக எதிர்த்த ரிச்சர்ட் ஓவனும் உண்டு. முன்னாள் பம்பாய் கவர்னர் பார்ட்டில் ஃப்ரேரும் இருந்தார். ஒரு பிராணி அழியாமல் இருக்க, அது அழிவதற்கு முன்னாலேயே அரசாங்கத்துக்கு எழுதின ஆரம்பகால மனுக்களில் இது ஒன்று. மற்றத் தீவுகளில் நடந்தது தெரிந்ததால்தான் அவர்களால் அதை எழுத முடிந்தது.

1960-களில் இரண்டாவது ஆபத்து. பிரிட்டன் அல்டாப்ராவில் விமானத் தளம் கட்டத் திட்டம் போட்டது. விஞ்ஞானிகள் கூச்சல் போட்டார்கள், பவுண்டின் மதிப்பும் சரிந்தது, 1967-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1982-ல் அல்டாப்ரா யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனது. இன்று அங்கே சுமார் ஒரு லட்சம் ஆமைகள் என்று சொல்கிறார்கள்.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லி முடிக்க மனசு வரவில்லை. அல்டாப்ராவில் தளம் வரவில்லை. சாகோஸ் தீவுக்கூட்டத்தின் தியேகோ கார்சியாவில் வந்தது. அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த மக்களை, ஆப்பிரிக்க வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் கலந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை, 1973-க்குள் கப்பலில் ஏற்றி மொரீஷியஸிலும் செஷல்ஸிலும் இறக்கிவிட்டார்கள். அவர்களுக்காக அந்த மாதிரிப் பெரிய பெயர்கள் கையெழுத்துப் போட்ட கடிதம் நேரத்துக்குப் போகவில்லை. ஆமைக்குக் கிடைத்த கவனம் அதிகம் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களுக்குக் கிடைத்தது குறைவு என்கிறேன்.

திரும்ப ஆமைக்கு வருவோம். ஆமை போனால் ஆமை மட்டும் போவதில்லை. மொரீஷியஸுக்குப் பக்கத்தில் ஈல் ஓ செக்ரெத் என்ற குட்டித் தீவில் கருங்காலி மரங்கள் இருக்கின்றன. பழம் பழுத்துத் தாய் மரத்தடியிலேயே விழும். எடுத்துப் போக ஆள் இல்லாததால் புதுக் கன்று சரியாக வரவில்லை. அந்தப் பழத்தைத் தின்று கொட்டையைத் தூரத்தில் போட்டது பழைய ராட்சத ஆமைகள். 2000-லிருந்து அங்கே அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஆமை தின்று வெளியே போட்ட கொட்டை இன்னும் நன்றாக முளைத்தது. கருங்காலிக் கன்றுகள் புது இடங்களில் தலைகாட்டின. ரோட்ரிக்ஸிலும் 2007-லிருந்து லெகுவாவின் பெயரிலேயே ஒரு சரணாலயம் நடக்கிறது. அங்கேயும் அல்டாப்ரா ஆமைகள்தான். செத்துப்போன அண்ணன் வேலையைத் தம்பி எடுத்துச் செய்கிற மாதிரி. ஆனால் அண்ணன் வரப்போவதில்லை.

இந்தத் தம்பியை நேரில் பார்க்க மொரீஷியஸ் போகவேண்டியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாவையும் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் வடநெம்மேலிக்குப் போனேன். 1976-ல் ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் ஆரம்பித்த முதலைப் பண்ணை. எல்லாரும் முதலை பார்க்க ஓடுவார்கள். நாங்கள் அல்டாப்ரா ஆமைகளிடம் நின்றோம். சாம்பல் நிறத்தில் பாறை மாதிரி உடம்பு. கழுத்தை மெதுவாக நீட்டி, இலையைக் கடித்து, மெதுவாக மென்றது. சில வருஷம் முன்னால் இங்கேயிருந்து ஒரு ஆமை திருடுபோன செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். இருநூறு வருஷம் கழித்தும் அதைச் சரக்காகப் பார்க்கிற கண் இருக்கிறது.

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் காவலாளியிடம் கேட்டது: “இதுக்கு வயசு என்னங்க இருக்கும்?” டீச்சரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாங்க. நானும் அதைத்தானே கேட்டேன்.

திரும்பி வரும்போது பெசன்ட் நகர் கடற்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். நம் கரைக்கு முட்டையிட வருவது வேறு ஆமை, கடலாமை, பங்குனி ஆமை என்பார்கள். ராத்திரியில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கிற மாணவர் குழு 1988-லிருந்து இங்கே இயங்குகிறது. அப்படியிருந்தும் 2025 ஜனவரியில் மட்டும் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் மாட்டினால் மூச்சு வாங்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். அந்த வலையை வீசினவரும் கெட்ட எண்ணத்தில் வீசவில்லை. ஒவ்வொரு படகின் கணக்கும் சரியாகத்தான் இருக்கும்.

“கடலோட கணக்கை யார் எழுதறது தம்பி?” என்றாங்க டீச்சரம்மா.

ரோட்ரிக்ஸில் அந்தக் கணக்கை எழுதாமலே விட்டார்கள். அல்டாப்ராவில் நூறு வருஷம் தாமதமாக எழுத ஆரம்பித்தார்கள்; அதுவே போதுமாக இருந்தது. நம் கரையில் செத்த ஆமையை எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு போய்க் கேள்வி கேட்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் பேர் வேண்டும்.

அத்வைதாவின் வயசு பற்றிப் பழைய எபிசோடில் திருத்தக் குறிப்பு சேர்த்திருக்கிறோம். வேறு தவறு கண்ணில் பட்டாலும் எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.